ஆறு வயர் நேரம்

என் அறைச் சாவியோடு ஒரு வெள்ளை கனெக்டர் தொங்குகிறது. கட்டைவிரல் அகலம்கூட இருக்காது. ஆறு துளை, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் விரல் நீள வயர். காருக்குள் எங்கோ மறைந்து ஓடுகிற வயர்க் கட்டுகளை ஒரகடத்துத் தொழிற்சாலையில் எங்கள் லைனில் செய்கிறோம். இது பயிற்சி அறையில் பழகுவதற்குக் கொடுத்து, பிறகு கழித்துப்போட்ட சாமான். வயரைத் துளைக்குள் தள்ள வேண்டும், 'கிளிக்' சத்தம் கேட்க வேண்டும், பிறகு மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளு, கேள், இழு. முதல் நாள் அரை நாள் முழுக்க இதையேதான் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது.

கனெக்டரை எனக்குக் கொடுத்தவள் என் அறைத்தோழி. தென்காசிப் பக்கம். என்னைவிட ஒரு வயது இளையவள் என்பதால் நான் அவளுக்கு 'எக்கா'. வடக்குப்பட்டில் ஒரு மாடி அறையை இரண்டு பேரும் வாடகைக்கு எடுத்திருந்தோம். பேசிக்கொண்டே இருப்பாள், சட்டென்று நின்றுவிடுவாள். சோற்றுக் கவளம் பாதி வழியில் நிற்கும், இமை லேசாகப் படபடக்கும், ஏழெட்டு நொடி. பிறகு எதுவுமே நடக்காததுபோல வாயில் போட்டுக்கொள்வாள். எனக்கு எதற்கும் காத்திருக்கப் பொறுமை கிடையாது. அவள் நிறுத்திய வாக்கியத்தை நானே முடித்துவைப்பேன், அதுவும் பெரும்பாலும் தப்பாக. லைனிலும் அப்படித்தான் நிற்பாள். லைன் லீடர் அக்கா பென்னலூர்க்காரர், "இன்னாம்மா, அங்க இன்னா கீது, அப்டி பாத்துகினு நிக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போவார். 'டவர் போச்சு' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது நான். லைன் முழுக்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சொன்னது மறந்துபோகும் அவளுக்கு. பால் வாங்கி வரச் சொன்னால் வெறுங்கையோடு வருவாள்; கேட்டால், நீங்கள் சொல்லவே இல்லையே என்று சாதிப்பாள். சில நாள் ஒன்றுமில்லாததற்குக் கோபம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்விசிறி கடகடக்கிறது என்று டிபன் டப்பாவைச் சுவரில் எறிந்தாள். பிறகு சிதறிய எலுமிச்சை சாதத்தைக் கூட்டிக்கொண்டே அழுதாள். தினமும் இரண்டு வேளை மாத்திரை விழுங்குவாள், சத்து மாத்திரை என்பாள். டிப்ளமா படித்த நான், அந்த அட்டையை ஒரு தடவை திருப்பிப் படித்திருக்கலாம்.

ஒன்று மட்டும் எனக்கு வேடிக்கையாக இருக்கும். கனெக்டரில் நான்காவது வயரில் நின்றுபோனால், விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டாள். முதல் வயரிலிருந்து மறுபடி இழுத்துப் பார்த்துக்கொண்டு வருவாள். அதனால் அவளுடைய எண்ணிக்கை எப்போதும் குறைவு. நான் அவளைவிட வேகம். வேகத்துக்காக நான் விட்டது அந்த மூன்றாவது வேலையைத்தான். சத்தம் கேட்டாயிற்று, அப்புறம் எதற்கு இழுக்க வேண்டும்?

அவளுடைய பயிற்சிக் காலம் முடிகிற வாரம், கார் கம்பெனியிலிருந்து ஒரு கட்டு திரும்பி வந்தது. மஞ்சள் வயர் கழன்றிருந்தது. லேபிளில் இருந்தது அவள் மேசையின் எண். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நிரந்தரப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடப்போவதாகப் பேச்சு வந்தது. ஊரில் அவள் அம்மா, வேலை நிரந்தரமாகிவிடும் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். லைன் லீடர் அக்கா கூப்பிட்டுக் கேட்டபோது அவள் வாதாடவில்லை. அறைக்கு வந்ததும், ஏன் பேசாமல் நின்றாய் என்று கேட்டேன்.

"எனக்கு நடுவுல நடுவுல ஒண்ணுமே இல்லாமப் போவுதுக்கா. செஞ்சேனா செய்யலயான்னு எப்படிச் சொல்லுவேன்? நானாத்தான் இருக்கும்."

சின்ன வயதிலிருந்தே வலிப்பு நோய் இருக்கிறது, சொன்னால் வேலை கிடைக்காது என்று மறைத்துவிட்டாள் என்பதையும் அப்போதுதான் சொன்னாள். கீழே விழுந்து கைகால் வெட்டி இழுப்பதுதான் வலிப்பு என்று நினைத்திருந்தேன். பேச்சு நடுவில் அறுந்துபோவதும் அதுதான் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. லேபிளில் நேரமும் இருந்தது. காலை டீக்குச் சற்று முன்பு. அவள் பாத்ரூம் போய்வந்த அந்தப் பத்து நிமிடம் அவள் மேசையில் நின்றது நான். மஞ்சள் வயரை இழுத்துப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. எனக்கு ஞாபகத்தில் எந்த ஓட்டையும் கிடையாது. பார்க்காததால்தான் ஞாபகம் இல்லை. தன் மனதின் மேல் நம்பிக்கை இல்லாத ஒருத்தி, யார் தப்பைத் தலையில் வைத்தாலும் வாங்கிக்கொள்வாள் என்று அன்று தெரிந்தது.

உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஒரு ஷிப்டு முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். மறுநாள் காலை லைன் லீடர் அக்காவிடம் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டிப்ளமா படிச்சவளா நீ? போ, ஒரு வாரம் புதுசா வந்த பொண்ணுங்களோட உக்காரு." அவ்வளவுதான். அந்த ஒரு வாரம் பயிற்சி அறையில் உட்கார்ந்து இழுத்த வயர்களுக்குக் கணக்கில்லை. அவளோ, நான் சொல்லிவிட்டேன் என்றதும், தானும் சொல்லிவிடுவதென்று முதலுதவி அறை நர்ஸம்மாவிடம் போனாள். அவர் திட்டவில்லை. மாத்திரைச் சீட்டைப் பார்த்துவிட்டு, டாக்டரைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு என்று மட்டும் கேட்டார்.

அரசு ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். அவள் நின்றுபோகிற நேரத்தில் அவள் சம்மதத்தோடு போனில் எடுத்து வைத்திருந்த இரண்டு வீடியோவையும் டாக்டரிடம் காட்டினேன், கேள்வி கேட்டு அவரைத் துளைத்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அந்தச் சில நொடிகளில் காதில் விழுவது மனதில் பதிவதே இல்லை. பதியாததை மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஒரு நாளில் பல தடவை இப்படி அறுந்தால் கவனம் சிதறும், எதையும் பிடித்துக்கொள்ள நேரமாகும். அது புத்திக் குறைவு இல்லை. கோபம் எப்போதிலிருந்து என்று கேட்டார். மாத்திரை மாற்றியதற்குப் பிறகு என்றாள். சிலருக்கு அந்த மருந்து அப்படிச் செய்யும் என்றார். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது, மெதுவாக வேறொன்றுக்கு மாற்றலாம், தூக்கம் கெடக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறினோம். பாதி வழியில் அவள் மாத்திரைச் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"அப்போ நான் கெட்டவ இல்லியாக்கா?"

கவனிக்கவில்லை என்று பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி, திமிர் பிடித்தவள் என்று வீட்டில் கேட்ட வசவு, நான் வைத்த பட்டப்பெயர், எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. இல்லை என்றேன். எதிரில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "உங்களப் பாத்தா கெட்டவங்க மாதிரியா தெரியுது?" என்று தானாக நுழைந்தார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். 

அவளை உட்கார்ந்து கட்டுகளைச் சோதிக்கிற மேசைக்கு மாற்றினார்கள், பகல் ஷிப்டு மட்டும். விட்ட இடத்தில் தொடராமல் முதலிலிருந்து பார்க்கிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை இல்லை என்று லைன் லீடர் அக்காவே மேலே சொன்னாராம். அடுத்த மாதப் பட்டியலில் பெயர் வந்தது. புது மருந்துக்குக் கோபம் அடங்கியது. நொடிகள் அறுவது குறைந்தது; முழுசாக நிற்கவில்லை. அவள் நின்றால் அந்த வாக்கியத்தை இப்போது நான் முடித்துவைப்பதில்லை. கடைசியாகக் காதில் விழுந்தது என்ன என்று கேட்டு, அங்கிருந்து சொல்வேன்.

போன வருடம் அவள் பென்னலூரில் கம்பெனி விடுதிக்கு மாறிப்போனாள். போகும்போதுதான் கனெக்டரைக் கொடுத்தாள். நேற்று சாயங்காலம் போனில் ஊருக்குப் போய்வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவள், நடுவில் நின்றுபோனாள். நான் சாவியை எடுத்தேன். சிவப்பு, கருப்பு, பச்சை, வெள்ளை என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். மஞ்சளைக் கொஞ்சம் அழுத்தியே இழுத்தேன். ஆறாவதான நீலத்தில் கை வைத்தபோது அந்தப் பக்கம் ஏதோ நொறுங்குகிற சத்தம்.

"எக்கா, இருக்கேன். வாயில முறுக்கு."