லைன் கிளியர் தமயந்தி

நெய்வேலியில் தமயந்தி என்ற பேரில் நாலைந்து பேராவது இருந்திருப்பார்கள். 'லைன் கிளியர் தமயந்தி' என்றால் ஒருத்திதான். அந்தப் பட்டத்தை வைத்தவர்கள் ஒன்றும் பிரியத்தில் வைக்கவில்லை. போன வருஷம் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் காய்கறிக் கடையில் யாராவது அப்படிக் கூப்பிட்டுவிடுகிறார்கள். இப்போது அவளுக்குச் சிரிப்பு வருகிறது. பதிமூன்று வருஷம் வரவில்லை.

கோவில்பட்டிப் பக்கத்துப் பெண் அவள். கல்யாணமாகி வந்து இறங்கியபோது இந்த ஊரில் அவளை மலைக்க வைத்தது சுரங்கம் இல்லை, குழாய். எந்த நேரம் திறந்தாலும் தண்ணீர் வந்தது. கரிசல் காட்டில் ஒரு குடத்துக்கு ஒரு மைல் நடந்தவள், முதல் நாள் சும்மாவே மூன்று தடவை திறந்து மூடிப் பார்த்தாளாம். நேராகப் போகும் ரோடு, ரெண்டு பக்கமும் மரம், வீட்டுக்கு வீடு முருங்கை, ஷிப்டுக்குக் கிளம்பும் சைக்கிள் கூட்டம். சொர்க்கத்துக்கே குவார்ட்டர்ஸ் ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்தாள். பத்து வருஷம்தான். ஒரு காலையில் மாரடைப்பில் கணவர் போய்ச் சேர்ந்தார். அவர் வேலைக்குப் பதிலாக இவளுக்கு எலெக்ட்ரிக்கல் கம்ப்ளைன்ட் ஆபீசில் ஒரு நாற்காலி கிடைத்தது.

அந்தக் காலத்தில் அவளைத் தூக்கி நிறுத்தியவள் பக்கத்து வீட்டு உமாராணி. மேல்பட்டாம்பாக்கத்துக்காரி, பெரிய வாய், அதைவிடப் பெரிய மனசு. முதல் மாதம் முழுக்கத் தமயந்தி வீட்டில் அடுப்பே எரியவில்லை. சோறு அந்த வீட்டிலிருந்து வந்தது. "அழுவணும்னா துன்னுட்டு அழு" என்று தட்டை முன்னால் வைத்துவிட்டுப் போவாள். சித்திரை பிறந்தால் பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் வரும். உமாராணி எண்ணெய் தடவிய கத்தியோடு உட்கார்ந்து அறுத்து, பாதியை மதில் மேல் வைத்துக் குரல் கொடுப்பாள். 

கம்ப்ளைன்ட் ஆபீஸ் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, ரெண்டு டெலிபோன், ஒரு நோட்டு. ஃபியூஸ் போச்சு, ஃபேன் சுத்தல, அணில் விழுந்து கருகிடுச்சு என்று சொல்வார்கள், இவள் எழுதி ஆள் அனுப்புவாள். அந்த மேஜையில் ஒரே ஒரு விஷயம்தான் உயிர் சம்பந்தப்பட்டது. கம்பத்தில் ஏறப் போகிறவர் முதலில் அங்கே வந்து கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டு வாங்க வேண்டும். அதற்குப் பேர்தான் லைன் கிளியர். சீட்டுப் போன நிமிஷம் அந்த லைனில் மின்சாரம் நிற்கும். ஏறுகிறவர் காப்புக்காக லைனை மண்ணோடு இணைத்து எர்த்துக் கம்பி மாட்டுவார். வேலை முடிந்ததும் வாங்கினவரே திரும்பி வந்து, "ஆள் எறங்கியாச்சு, சாமான் எடுத்தாச்சு, எர்த்து கழட்டியாச்சு" என்று வாயால் சொல்லிச் சீட்டை அவள் கையில் கொடுக்க வேண்டும். பிறகுதான் அவள் சப்ஸ்டேஷனுக்கு போன் செய்வாள். வேறொருவர் கொண்டு வந்தால் செல்லாது, அவர் சொந்த அண்ணனாக இருந்தாலும்.

இரண்டாயிரத்துப் பதினொன்று, மார்கழி மாதம், தானே புயல். விடிந்து பார்த்தால் ஊருக்கே மொட்டை அடித்திருந்தது. நாற்பது வருஷத்து மரங்கள் ரோட்டில் படுத்துக் கிடந்தன. ஊருக்கெல்லாம் வெளிச்சம் அனுப்புகிற ஊர் மெழுகுவத்திக்கு வரிசையில் நின்றது. வெளி ஜில்லாக்களிலிருந்து லாரி லாரியாக லைன்மேன்கள் வந்து இறங்கினார்கள். யார் எந்த லைனில் ஏறியிருக்கிறார்கள், எந்த பிளாக்குக்கு முதலில் கரண்ட், எந்த டீமுக்கு இன்னும் சாப்பாடு போகவில்லை என்று எல்லாக் கணக்கும் தமயந்தி மேஜைக்குத்தான் வந்தது. மாற்றுக்கு வர வேண்டியவர் சேத்தியாத்தோப்பில் மாட்டிக்கொண்டதால் நாலு நாளாக அவள் வீட்டுக்கே போகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கரண்ட் வந்துவிட்டது. ஒவ்வொரு பிளாக்காக வந்தது. ஐந்தாம் நாள் பாக்கி இருந்தது இருபத்தோராம் பிளாக் லைன். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓடுவதும் அதே லைனில்தான். அது அவளும் உமாராணியும் குடியிருந்த பிளாக்.

அந்த லைனுக்குச் சீட்டு வாங்கியிருந்தவன் தனகோடி. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரன், காண்ட்ராக்ட் லைன்மேன், சொன்ன வேலையைச் சத்தமில்லாமல் முடிக்கிறவன். அவனோடு மூன்று பேர், அதில் ரெண்டு பேர் வெளியூர். மதியம் பன்னிரண்டுக்குள் முடித்துவிடுவேன் என்று போனவன் ஒரு மணி ஆகியும் வரவில்லை. செல்போன் டவர்களும் விழுந்து கிடந்தன. அப்போது ஒருவர் சைக்கிளில் வந்து, "தனகோடி அண்ணன் வூடு விழுந்துட்டுதாம். தம்பிக்காரன் வந்து இட்டுக்கினு போயிட்டான்" என்றார். சீட்டு? சீட்டு அவன் சட்டைப் பையில் ஊருக்குப் போய்விட்டது.

இன்ஜினியர் மருதாசலம் நல்ல மனிதர், கோயமுத்தூர்க்காரர். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். "ஏனுங்கம்மா, நானே போயிப் பாத்துட்டேனுங்க. கம்பத்துல ஒரு ஆளுமில்ல. லைனைப் போட்டுருங்க."

"எல்லாக் கம்பத்தையும் பாத்தீங்களா சார்?"

"ரோட்டோரமா இருக்கறதெல்லாம் பாத்தனுங்க. பின்னால மரம் வுழுந்து கெடக்குது, எப்படிப் போறதுங்க?"

"கூடப் போன மூணு பேரு எங்க இருக்காங்கன்னு தனகோடிக்குத்தான் தெரியும் சார். நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஸ்விட்ச்சையும் நீங்களே போட்டுக்கிடுங்க. நான் சொல்ல மாட்டேன்."

மருதாசலம் பேனாவை எடுத்தார். மூடிப் பையில் வைத்துக்கொண்டு, தனகோடியைத் தேடப் பண்ருட்டி ரோட்டுக்கு ஜீப்பை அனுப்பினார்.

ரெண்டு மணிக்கு உமாராணி வந்தாள். தலை கலைந்து, இடுப்பில் காலிக் குடத்தோடு. அவள் மாமியார் ஜானகியம்மாள் ஒரு வாரமாக முடியாமல் கிடந்தவர், அன்று மதியம் கண் மூடிவிட்டார்.

"பொணத்தக் குளிப்பாட்டத் தண்ணி இல்ல தமயந்தி. ஒரு அரை மணி நேரம் வுடு. தொட்டி ரொம்பினதும் நிறுத்திக்க. ஒன் கையிலதான இருக்குது."

தமயந்தி எழுந்து அவள் கையைப் பிடித்தாள். சீட்டு வரவில்லை என்றாள். அது வராமல் முடியாது என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. பிணத்துக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதம்.

"அல்லாரும் எறங்கிட்டாங்கன்னு ஊரே சொல்லிக்கினு இருக்குது. ஒனக்கு மட்டும் காயிதம் வோணுமா?" உமாராணி கையை உதறிக்கொண்டாள். "ஒனக்கு ஒண்ணுன்னா நான் இப்படிப் பேசியிருப்பனா?"

பேசியிருக்க மாட்டாள். அதுதான் தமயந்தியைச் சுட்டது. உமாராணி போன பிறகு நோட்டை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு அழுதாள். போனைத் தொடவில்லை. எங்கிருந்தோ ரெண்டு குடம் தண்ணீர் கெஞ்சி வாங்கி, ஜானகியம்மாளைப் பேருக்குக் குளிப்பாட்டி, இருட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள். தமயந்தியால் எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, பாதி தூரம் நடந்து, பாதி தூரம் ஜீப்பில் தனகோடி வந்து சேர்ந்தான். வேர்வையில் ஊறிப்போன சீட்டை ரெண்டு கையாலும் நீட்டினான். "மன்னிச்சுக்கங்கம்மா. பொஞ்சாதி மேல சொவுரு வுழுந்துட்டுதுன்னு சொன்னாங்க, ஓடிட்டேங்க. ஆள் எறங்கியாச்சு, சாமான் எடுத்தாச்சு, எர்த்து கழட்டியாச்சுங்க." மற்ற மூன்று பேரும்? அவர்களும் நேற்று மதியமே இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, அப்படியே வேறு ஊர் லைனுக்கு லாரி ஏறிவிட்டார்களாம். பின்பக்கத்துக் கம்பத்தில் ஒரு காக்காய்கூட இல்லை. அவன் மனைவி காலில் ஓர் அடியோடு தப்பித்திருந்தாள். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தமயந்தி சப்ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள்.

யாராவது ஒருவன் அங்கே மேலே இருந்திருந்தால் ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும். ஒருவரும் இல்லை என்றதும் அவள் வெறும் பிடிவாதக்காரி ஆனாள். ஒன்பது மணிக்கு உமாராணி வீட்டு வாசலில் போய் நின்றபோது உள்ளே குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. உமாராணி வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். "தண்ணி நேத்துதான் வோணும்னு வந்தேன். இன்னிக்கு எனக்கு எதுக்கு?" என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

அதற்குப் பிறகு பதிமூன்று சித்திரை வந்தது. மதில் மேல் ஒன்றும் வரவில்லை. ஒரே நேரத்தில் வாசல் பெருக்கி, ஒரே பஸ்ஸுக்கு நின்று, ஒரு வார்த்தை கிடையாது. உமாராணியின் கணவர் ராஜாங்கம் மட்டும் எதிரில் வந்தால் தலையாட்டுவார். 'லைன் கிளியர்' பட்டம் உமாராணி வாயிலிருந்துதான் முதலில் புறப்பட்டது என்று கேள்வி. நான் செய்தது சரியா தப்பா என்று தமயந்தி எத்தனையோ தடவை தன்னையே கேட்டுப் பார்த்தாள். சரி என்றே ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. சரியாக இருந்து என்ன பண்ண, பலாப்பழத்தைத் தனியாக விலை கொடுத்து வாங்கித் தின்றால் தொண்டையில் இறங்கவில்லை.

ஃபெஞ்சல் புயல் வந்தது அவளுக்கு ஓய்வு நெருங்கிய சமயம். மேஜையில் கம்ப்யூட்டர் வந்திருந்தது, சீட்டு மட்டும் அதே சீட்டு. அன்று காலை வந்து கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவன் ஜெயகணேஷ், உமாராணியின் மகன். ஐ.டி.ஐ. முடித்துக் காண்ட்ராக்டில் லைன்மேனாகச் சேர்ந்திருந்தான். "வர்றேங்க அத்த" என்று சீட்டைப் பத்திரமாக மடித்துக்கொண்டு, ஈரம் சொட்டும் ரோட்டில் இறங்கிப் போனான்.

ஒன்றரை மணிக்குப் போன் அடித்தது.

"கம்ப்ளைன்ட் ஆபீசுங்களா?"

அந்தக் குரல் யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. தமயந்திக்கு "ஆமாங்க" என்று மட்டும் வந்தது.

"தமயந்தி. நீதான் குந்திக்கினு இருக்கியா?"

"நான்தான்."

"எம்புள்ள மேல ஏறியிருக்கான்."

"தெரியும். கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போனான்."

"ஒனக்கு ரெண்டு மணியோட ஷிப்டு முடியுதாமே."

"ஆமா."

"அவன் எறங்குற வரைக்கும் எழுந்துக்காத."

போனை வைத்துவிட்டாள். தமயந்தி வாய்விட்டு அழுதாள், பக்கத்து மேஜைக்காரர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல். ரெண்டு மணிக்கு மாற்று ஆள் வந்தார். அவரை வேறு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னாள்.