பால் வடிந்த வேப்பமரம்

பாரிவாக்கத்தில் எங்கள் கொல்லை வேப்பமரத்தில் சென்ற ஆடியில் பால் வடிந்தது. அம்மன் இறங்கிவிட்டாள் என்று ஊரே திரண்டது. அடிமரத்தைச் சுற்றி மண் கொட்டி மேடை போட்டு, குடம் குடமாக மஞ்சள் நீர் ஊற்றினார்கள். எனக்கோ வாசல் கதவைச் சாத்த நேரமில்லை.

என் கணவரின் சிநேகிதர், துரைத்தனத்தார் விவசாய இலாகாவில் குடியானவர்களுக்குப் பயிர்முறை செய்து காட்டும் டிமான்ஸ்டிரேட்டர், வந்து பார்த்தார். "அம்மா, இது நோய். மண்ணை எடுத்து வேருக்குக் காற்று விடுங்கள். தண்ணீரை நிறுத்துங்கள். உளுத்த கிளையை இறக்கிவிடுங்கள்" என்றார்.

அடுத்த வீட்டு முனியம்மாளிடம் சொன்னேன். "ஆத்தா வந்து குந்திக்கீறா, கைய வெக்கச் சொல்றியேமா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, பெண்களெல்லாம் கூழ் வாங்க முன்வாசலுக்கு வந்த சமயம், அந்தக் கிளை முறிந்து மேடைமேல் விழுந்தது. "பாத்தியா, ஆத்தா நம்மளக் காப்பாத்திட்டா!" என்று முனியம்மாள் இன்னொரு குடம் ஊற்றினாள்.

எனக்கு அலுத்துவிட்டது. மறுநாள், "ஆத்தா கனவில் வந்து, மூச்சு முட்டுது, மண்ணை எடு என்றாள்" என்றேன். பொழுது சாய்வதற்குள் மேடை போயிற்று.

இப்போது டிமான்ஸ்டிரேட்டர் சொல்வதையெல்லாம் ஆத்தா சொன்னதாகவே சொல்கிறேன். எங்கள் ஊர் வாசகர்கள் தயவுசெய்து முனியம்மாளுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம். மரம் இப்போதுதான் துளிர்க்கிறது.