மூன்று நிலா ஊரின் பண்டிகைகள்

எங்கள் தெருவில் அமாவாசையன்று தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் விடிந்ததிலிருந்து காதைத் துளைக்கும் சத்தம் அன்றைக்கு அடங்கிக் கிடக்கும். மாதத்துக்கு ஒரே ஒரு நாள்தானா என்று எனக்கு ஆற்றாமை. அதனாலேயே, நிலாவில் ஆள் இறங்கிவிட்டான் என்று ரேடியோ முழங்கிய வருஷம், மூன்று நிலா உள்ள ஓர் உலகத்தை நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மூன்று நிலாவுக்கு மூன்று அமாவாசை, மூன்று நாள் லீவு. எனக்குப் பதினான்கு வயது, கணக்கில் கெட்டி.

இதில் என் கூட்டாளி அக்கா. திருப்புட்குழியில் வாழ்க்கைப்பட்டு, இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாள். இருபத்திரண்டு வயது. வீட்டில் அவளைச் சிரிக்கவைத்தது அந்த நோட்டு ஒன்றுதான். அந்த ஊர்க்காரர்களுக்கு நாலு கை என்று நான் எழுதினால், "அப்போ கும்பிட ரெண்டு, வடை எடுக்க ரெண்டு" என்பாள். மூன்று நிலாவும் ஒன்றாக மறையும் நாளில் எல்லோரும் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சமைக்க வேண்டும் என்பது அவள் வைத்த பண்டிகை. "குழம்பு தீய்ஞ்சாலும் மாமியார் வாய் திறக்க முடியாது. அவங்களும் வேற யார் வீட்லயோ தீய்ச்சிக்கினு இருப்பாங்க."

ஓர் அமாவாசை மத்தியானம் அந்த ஊர்க்காரர்களுடைய பெரிய பண்டிகையை எழுதினேன். தறியில் புதுப் பாவு, சேலைக்கான நீளவாட்டு இழைகள், ஏற்றும் நாள். அன்று வானம் பச்சையாகிவிடும். மடமடவென்று எழுதி வாசித்தும் காட்டினேன்: "முதலில் மூன்று சுமங்கலிகள் வந்து பாவைத் தொட்டுக் குங்குமம் வைப்பார்கள்."

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். "அங்கேயும் என்னை உள்ள போகச் சொல்லிட்டியேடி" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து துணி துவைக்கப் போய்விட்டாள்.

எனக்கு முகம் எரிந்தது. வானத்தின் நிறத்தையே மாற்றியவளுக்கு இந்த ஒரு வரியை மாற்றத் தோன்றவில்லையே. யோசிக்காமலே அது கையில் வந்துவிட்டது. தாள் கிழியும் அளவுக்கு ரப்பரால் தேய்த்து, "யார் வேண்டுமானாலும் முதலில் தொடலாம்" என்று எழுதி, கொல்லைப்புறத்துக்கே கொண்டுபோய்க் காட்டினேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். "இப்போ நல்லா இருக்குது" என்றாள்.

அடுத்த வாரம் எங்கள் வீட்டுத் தறியில் புதுப் பாவு ஏறியது. அதன் இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாக முடிந்தவள் அக்கா. இரண்டு நாள் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். குங்குமத் தட்டு என் கையில் இருந்தது. அம்மா சொன்னாள்: "எதிர்வீட்டம்மாவையும் பக்கத்து வீட்டம்மாவையும் கூட்டிக்கினு வா. என்னோட சேர்த்து மூணு பேரா வைக்கணும்."

அக்கா தறியோரமாக நின்றுகொண்டிருந்தாள். தட்டை நீட்டினால் எட்டும் தூரம்தான். என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அக்கா தானாகவே உள்ளே போனாள்.

நான் எதிர்வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன்.

அடுத்த அமாவாசைக்கு நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தேன். அக்கா வரவில்லை. கூப்பிட எனக்கும் முகமில்லை.