போன் வீட்டுப் பெஞ்சு

பழைய சாமான் வாங்குகிறவர் வந்து பெஞ்சை இழுத்து நகர்த்தியபோதுதான் அந்தக் கறைகளை நான் முழுசாகப் பார்த்தேன். முன் அறைச் சுவரில், உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், வட்டம் வட்டமாக எண்ணெய்ப் பிசுக்கு. சொன்னால் சிரிப்பீர்கள், கிட்டப் போய் முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்துத் தேங்காயெண்ணெய் வாசனை அதில் எங்கே இருக்கப் போகிறது? ஆனாலும் எனக்கு அடித்தது. கூடவே கனகாம்பரமும் மல்லிகையும், என் சட்டையிலிருந்த வெங்காய நாற்றமும்.

"செவுத்துக்கென்ன ஐயா, வெள்ளையடிச்சாப் போயிரும்" என்றார் அவர். விரல் முட்டியால் பெஞ்சைத் தட்டிப் பார்த்தார். "நல்ல வாகை. ஆனா பெஞ்சா யாரும் வாங்க மாட்டாக. அறுத்துப் பலகையாத்தான் தள்ளணும்."

அறுக்கிறதென்றதும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த என் மகள் ஜெசிதான் இதற்கெல்லாம் காரணம். முன் அறையை வாடகைக்கு விட்டால் எனக்குத் துணைக்கு ஆள் இருக்கும் என்று ஒரு குடும்பத்தைப் பேசி வைத்திருக்கிறாள். "பெஞ்ச வித்துருங்கப்பா. இல்லாட்டி யாருக்காச்சும் குடுத்துருங்க. கட்டிக்கிட்டா அழப் போறீங்க?" என்கிறாள். பிள்ளை சொல்வதில் தப்பில்லை. ஆனால் என் மனசில் ஒன்று கிடந்தது. விற்றாலும் சரி, சும்மா கொடுத்தாலும் சரி, என் மனைவி ஆரோக்கியத்தைத் தெரிந்த ஒரு ஆளிடம் அது போய்ச் சேர வேண்டும். அவளைத் தெரியாதவர் வீட்டில் அது வெறும் மரம்தானே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் போன் இருந்த வீடு எங்களுடையது மட்டும்தான். வசதி என்று நினைத்துவிடாதீர்கள். நான் காய்கறி மண்டியில் எடை பார்க்கிற ஆள், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஒட்டன்சத்திரத்திலிருந்து லாரி கிளம்பினால் எனக்குச் சேதி வரவேண்டும் என்று முதலாளி தன் செலவில் போட்டுக் கொடுத்த இணைப்பு அது. எனக்கோ தலைகால் புரியவில்லை. மாதா சுரூபத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பலகை அடித்து, மேலே பூப்போட்ட துணி மூடி, போனை வைத்தேன். ஆரோக்கியம் பார்த்துவிட்டு, "மெழுகுதிரியும் ஏத்தி வைங்க" என்றாள்.

ஒரு மாதத்துக்குள் தெருவுக்கே அந்த நம்பர் போய்விட்டது. போன் மணி அடிக்கும். "செத்த நேரம் கழிச்சுப் போடுங்க, கூட்டியாரேன்" என்று சொல்லிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் ஓடுவேன். வந்தவர்கள் அடுத்த மணிக்காக வாசலில் நிற்பார்கள். அது ஆரோக்கியத்துக்குப் பிடிக்கவில்லை. சித்தையன்கோட்டையில் அவள் அப்பா வீட்டு வாகை மரம் காற்றில் சாய்ந்தபோது, அதிலிருந்து அறுத்த பலகையைக் கேட்டு வாங்கிவந்து இந்தப் பெஞ்சைச் செய்யச் சொன்னாள்.

அதில் அதிகம் உட்கார்ந்தது எதிர்வீட்டுப் பாக்கியம்தான். புருஷன் சவுதியில் இருந்தார். வெள்ளிக்கிழமை அவர் கூப்பிடுவார் என்று தலை குளித்து, பூ வைத்து, காலையிலேயே வந்துவிடும். பேச ஆரம்பித்தால் நாங்கள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவோம், புருஷன் பெண்டாட்டி பேச்சு நமக்கெதற்கு என்று. ஆனால் சவுதிக்குக் கேட்கவேண்டும் என்று அது போடுகிற சத்தத்தில் தெருமுனை வரைக்கும் விஷயம் போய்விடும். "சாப்டீகளா? என்ன வெஞ்சனம்?" ஒருநாள் எதிர்ச்சாரியிலிருந்து யாரோ, "கருவாடாம், நாங்களும் கேட்டுட்டோம், போன வையி" என்றார்கள்.

நல்ல சேதி மட்டுமா வரும்? பாக்கியத்தின் அப்பா இறந்த சேதியும் அந்தப் போனில்தான் வந்தது. போன் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிக் கூட்டிவந்தேன். ஆரோக்கியம் அதைப் பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து, குடித்து முடித்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதிலிருந்து கெட்ட சேதி என்றால் முதலில் தண்ணீர் என்று ஆகிப்போனது. தெரு அதைக் கண்டுபிடிக்க எத்தனை நாளாகும்? ஒரு சித்திரை வெயிலில், தையல்காரர் வீட்டம்மா வேர்த்து வந்ததே என்று ஆரோக்கியம் தண்ணீரை நீட்டினாள். அந்தம்மா செம்பைக் கீழே போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டது. வந்த சேதி, தங்கச்சிக்கு ஆண் குழந்தை பிறந்தது.

அன்றைக்கு ராத்திரி செபமாலை முடிந்ததும் ஆரோக்கியம் ஒரு முடிவு சொன்னாள். இனிமேல் போனுக்கு வருகிற எல்லோருக்கும் தண்ணீர். நல்லதோ கெட்டதோ, தண்ணீரைப் பார்த்து யாரும் பயப்படக் கூடாது. அந்தக் காலத்துத் திண்டுக்கல்லில் தண்ணீர் எப்படி என்று உங்களுக்கும் தெரியும். குழாயில் எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. நான் குளிக்க ஒரு வாளிக்கு மேல் எடுத்தால் சத்தம் போடுகிறவள், வந்தவர் போனவருக்கெல்லாம் செம்பு செம்பாக மொண்டு கொடுத்தாள்.

பிறகு வீட்டுக்கு வீடு போன் வந்தது, அப்புறம் ஆளுக்கு ஆள் செல் வந்தது. பெஞ்சில் நான் மட்டும் உட்கார்ந்து செருப்பு மாட்டுவேன். பாக்கியத்தின் புருஷன் ஊர் திரும்பியதும் அவர்கள் விவசாயம் பார்க்கக் குஜிலியம்பாறைப் பக்கம் சொந்தக் காட்டுக்கே போய்விட்டார்கள்.

ஆரோக்கியத்தை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, மாற்றுத்துணி எடுக்க நான் வீட்டுக்கு வந்திருந்தேன். மத்தியான நேரம். மணி அடித்தது. ஜெசி. "அம்மா போயிட்டாங்கப்பா." போனை வைத்தேன். அடுப்படிக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

சரி, பெஞ்சுக்கு வருகிறேன். யாருக்குக் கொடுப்பது என்று மாதாவிடம்தான் கேட்டேன். இதற்கெல்லாமா வாய் திறப்பார்? தெருவில் வீடு வீடாக யோசித்துப் பார்த்தேன். தையல்காரர் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டது. எதிர்வீட்டில் இருப்பவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பூசைக்கு மணியடித்து எடுபிடி பார்க்கிற கோயில்பிள்ளையிடம், கோயிலுக்குத் தரட்டுமா என்று கேட்டேன். அலுத்துக்கொண்டார். "வேண்டாததெல்லாம் இங்கதாண்ணே வருது. போன வாரம் ஒருத்தரு ஓடாத மிக்சியக் கொண்டாந்து அந்தோணியார் காலடியில வச்சிட்டுப் போயிட்டாரு. புனிதர் என்ன சட்னியா அரைக்கப் போறாரு?"

கடைசியில் பாக்கியத்துக்கே போன் போட்டேன். "நான் வந்து பாக்குறேண்ணே" என்றது. மறுநாளே பஸ் ஏறி, ஒரு கட்டு முருங்கைக்காயோடு வந்துவிட்டது. தலை நரைத்திருந்தது. நேராகப் பெஞ்சின் வாசல் பக்க மூலையில் போய் உட்கார்ந்தது. "இந்த மூலைதாண்ணே எனக்கு. அங்கிட்டு உக்காந்தா லைன் கிடைக்காதுன்னு ஒரு கிறுக்கு." நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, "சீனி போடலையா?" என்றது. போட மறந்திருந்தேன்.

வெகுநேரம் பலகையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தது. "எங்க வீட்டுல மருமக ஷோபா வாங்கிப் போட்டுட்டா. கொண்டு போனா மாட்டுத் தொழுவத்துலதான் போடணும். மதினி பெஞ்சு அங்கயா கிடக்கணும்? ஆளுக வந்து போற எடமாப் பாத்துக் குடுத்துருங்கண்ணே. மதினிக்கு அதான் பிடிக்கும்."

தெரிந்த ஒரு ஆள் வாயால் அதைக் கேட்டதும் எனக்குப் போதும் என்றாகிவிட்டது. பொழுது சாயுமுன் பஸ் பிடிக்கவேண்டும் என்று பாக்கியம் கிளம்பியது. திரும்பவும் கோயில்பிள்ளையிடம் போய்க் கெஞ்சினேன். அவரும் மனசிரங்கி, பங்குச் சாமியாரைப் பார்க்க வருகிறவர்கள் காத்திருக்கிற வராண்டாவில் போட இடம் சொன்னார்.

போன ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து அந்தப் பக்கம் போனேன். பெஞ்சு நிறைய ஆள். ஞானஸ்நானச் சான்று வாங்க வந்தவர்கள், பூசையில் வாசிக்கக் கல்யாண ஓலை எழுத வந்தவர்கள். மனசு நிறைந்துதான் இருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு பையன், "உக்காருங்க தாத்தா" என்று எழுந்து, செல்லைக் காதில் வைத்தபடி ஆளில்லாத வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான். பேசுவது நமக்குக் கேட்டுவிடக் கூடாதென்று. அவன் இடத்தில் உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒரு அம்மா, இருவரும் கையிலிருந்த செல்லைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எந்தத் தெரு, யாருக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லைதான். ஆனாலும், முன்னெல்லாம் கேட்பார்கள்.