காபேக்கு வாயடைத்த நாள்

லெட்லோபே ஊரில் காபேயின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே வகை: காது கேளாதவர்கள், கைக்குழந்தைகள். முழுப்பெயர் மொசெட்சானகாபே. ‘மறுபடியும் பெண்’ என்று அர்த்தம். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்த சலிப்பில் தகப்பன் வைத்த பெயர். அதை அவள் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. அடுத்துப் பிறந்த தம்பி மொடிசாவை முதுகில் கட்டிக்கொண்டு திரியவே அவளுக்குப் பொழுது சரியாக இருந்தது.

ஊர்மன்றத்துக்கு எதிரே மக்வின்யா சுட்டு விற்பாள். எண்ணெயில் பொரித்த அந்த மாவு உருண்டைக்காகவே வழக்குப் போடுகிறவர்கள் உண்டு என்று ஊரில் கேலி பேசுவார்கள். வழக்காட வந்தால் இரு தரப்பும் ஒரே தட்டில் கை வைக்க வேண்டும், இல்லையென்றால் இருவருக்குமே கிடையாது.

“வாய்ல மாவு இருந்தாத் திட்டு வெளிய வராதுல்ல? மொதல்ல தின்னுங்க, அப்புறம் அடிச்சுக்கங்க” என்பாள்.

விற்று முடித்ததும் தலைத்துணியைச் சரிசெய்து, தோளில் போர்வையைப் போட்டுக்கொண்டு, சொந்த நாற்காலியோடு மன்றத்துக்குள் போய்விடுவாள். அங்கே யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். பேசுகிறவரை யாரும் இடைமறிக்கக் கூடாது. ஊர்த்தலைவரான கோசி எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் வாய் திறப்பார். காபேக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒருமுறை பெரிய மந்தைக்காரர் செபினாவின் மாடுகள் ஒரு விதவையின் சோளக்கொல்லையைத் துவம்சம் செய்துவிட்டன. “மாட்டுக்கு வேலி தெரியுமா?” என்று செபினா சிரித்தார். “மாட்டுக்குத் தெரியாதுங்க ஐயா. ஒங்களுக்குத் தெரியுமே?” என்றாள் காபே. அபராதம் கட்டியதிலிருந்து அவளுடைய மக்வின்யாவை செபினா தொடுவதில்லை. முகம் பார்ப்பதுமில்லை.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்கே வழக்கு வந்தது.

அம்மா இறந்து சில மாதங்களில் மொடிசா தலைநகர் கபரோனிலிருந்து வந்தான். வீடு கடைசி மகனுக்கு என்பது வழக்கம். அம்மாவோடு காபே மட்டும் இருந்த அந்த வீட்டை இடித்துவிட்டு வாடகை அறைகள் கட்டப் போவதாகச் சொன்னான்.

“ஒனக்கும் ஒரு ரூம் தர்றேங்க்கா.”

“நான் பொறந்த வீட்ல எனக்கு நீ ரூம் தர்றியாடா?”

“நானா சொல்றேன்? முறை அப்படி. வேணா மன்றத்துல கேட்டுக்க.”

கெட்டவனில்லை அவன். தனக்கென்று எல்லாவற்றையும் அக்கா எடுத்து வைத்தே பழகிப்போன பிள்ளை.

விசாரணையன்று காலை அவனும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ருசித்துத் தின்றான். தன் விதியைத் தானே மீறலாமா என்று காபேயும் அதே தட்டில் கை வைத்தாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை.

மன்றத்தில் மொடிசா நன்றாகவே பேசினான். காபேயின் முறை வந்தது. பொரிந்து தள்ளப் போகிறாள் என்று ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. அவள் எழுந்தாள். எதிரே நிற்கும் தம்பியைப் பார்த்தாள். பேசாமலே உட்கார்ந்துவிட்டாள். பாவம், ஊருக்கெல்லாம் பேசியவளுக்குத் தன் வீட்டுக்காக ஒரு சொல் வரவில்லை.

அப்போது செபினா எழுந்தார். பழி தீர்க்க இதைவிட நல்ல நாள் அவருக்குக் கிடைக்காது.

“தம்பி, மழை பெஞ்சா ஒங்க வீட்ல எங்கப்பா ஒழுகும்?”

மொடிசா யோசித்தான். “அக்காவக் கேட்டாத் தெரியும் ஐயா.”

“ஒங்கம்மா கடைசியா ஆசப்பட்டு என்ன சாப்பிட்டாங்க?”

“அது... அதுவும் அக்காவுக்குத்தான்...”

“வீட்டுச் சாவியாவது எங்க இருக்குன்னு தெரியுமா?”

அவன் திரும்பி அக்காவைப் பார்க்க, மன்றம் கொல்லென்று சிரித்தது. அவனும் சிரிக்கப் போனான். பாதியிலேயே தலை குனிந்துவிட்டது.

செபினா சிரிக்கவில்லை. “கடைக்குட்டிக்கு வீடுன்னு பெரியவங்க ஏன் வச்சாங்க? அவந்தான் கடைசிவரைக்கும் பெத்தவங்களப் பாத்துப்பான்னு. இங்க பாத்துக்கிட்டது யாரு? இந்தம்மா எனக்கு வாங்கிக் குடுத்த அபராதத்த நெனச்சா இன்னும் வயிறெரியுது. ஆனா அன்னைக்கு அவ சொன்னது நியாயம். இன்னைக்கு அவளுக்கு வாய் வரல. அதான் நான் சொல்லிட்டேன்.”

அவருக்குப் பிறகு அந்தச் சோளக்கொல்லை விதவை எழுந்தாள், இன்னும் பலர் எழுந்தார்கள். கடைசியில் கோசி வாய் திறந்தார். “முறைய நாம யாரும் மாத்தல. அது எதுக்காக வந்துச்சோ அதத்தான் பாக்குறோம். வீடு காபேக்கு. இனிமே இந்த ஊர்ல ஆணா பொண்ணான்னு கேக்காதீங்க. கூட இருந்தது யாருன்னு கேளுங்க.”

கூட்டம் கலைந்தது. மொடிசா வேலியோரம் நின்றுகொண்டிருந்தான். பிறகு வந்து, அக்காவின் நாற்காலியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான்.

“சாவியக் குடு. நான் முன்னாடி போய் அடுப்புப் பத்த வைக்கிறேன்.”

அப்போதுதான் காபேக்குக் குரல் வந்தது.

“சாவி ஏதுடா? நீ கபரோனுக்குப் போன நாள்லேர்ந்து, எந்த நேரத்துல வந்து நிப்பியோன்னு நான் அந்தக் கதவப் பூட்டுனதே இல்ல.”

நடுத்தெருவில் நாற்காலியை இறக்கி வைத்து, அதிலேயே உட்கார்ந்து அவன் அழுதான்.

“எந்திரிடா தடியா,” என்று தன் தலைத்துணியை அவிழ்த்து அவன் முகத்தைத் துடைத்தாள். “நாற்காலி தாங்காது.”