கடைசி ஆளுக்குப் பின்னால்

இது கட்டிய கதை இல்லை. எங்கள் குடும்பத்தில் கதை கட்டுகிறவர்கள் கிடையாது. என் தம்பி மகளுக்கு நடந்ததை, அவள் சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். கடைசியில் வருவதை நானே என் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் மலையில் ஆண்டுக்கொரு முறை நெடுந்தூர ஓட்டப் பந்தயம் நடக்கும். விடியுமுன் கிளம்புகிறவர்கள் பொழுது சாயும்போது அடிவாரம் வந்து சேர்வார்கள். வழி தெரிவதற்காகக் கிளைகளில் ரிப்பன் கட்டியிருக்கும். அதில் 'கடைசி ஆள்' என்று ஒரு பொறுப்பு உண்டு. எல்லோருக்கும் பின்னால் வந்து, தளர்ந்தவர்களை முன்னால் விட்டு, ரிப்பன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, முடிவுக் கோட்டில் நின்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "எனக்குப் பின்னால் யாரும் இல்லை." அதற்குப் பிறகுதான் மலையை மூடுவார்கள். கடைசி ஆளாக வந்து அதை என் அப்பா சொன்னார். என் தம்பி சொன்னான். எங்கள் வீட்டு வார்த்தையை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

தம்பி ஒரு வருடம் திடீரென்று அந்தப் பொறுப்பை விட்டுவிட்டான். அப்புறம் சாகும்வரை மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. போன வருடம் அவன் மகள்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள். வாசலில் வைத்து அவளிடம் சொன்னேன்.

"ஓடுறது பெருசில்லம்மா. வந்து சொல்ற வார்த்தைதான் பெருசு. நம்ம பேரைக் கெடுத்துடாதே."

பாதி வழிவரை எந்தக் குறையும் இல்லை. அவளுக்கு முன்னால் கடைசியாக ஓடியவர் ஒரு பல் டாக்டர். வயிறு முன்னால் போக, அவர் பின்னால் போய்க்கொண்டிருந்தார். "என் மாமியார்கூட இப்படி ஒட்டிக்கிட்டு வந்ததில்லம்மா" என்று மூச்சிரைக்கச் சொன்னாராம். மேலேயிருந்த கடைசித் தண்ணீர் முகாமில் அவர் கால் பிசகியது. ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பினாள். மற்றவர்கள் எல்லோரும் முன்னால் போய்விட்டதை வாக்கி டாக்கியில் கேட்டு உறுதி செய்துகொண்டாள். முகாமில் இருந்தவர்களும் அதே ஜீப்பில் இறங்கிவிட்டார்கள்.

மலையில் அவள் ஒருத்திதான்.

இராத்திரி இல்லை. மாலை நான்கு மணிதான். இறங்கத் தொடங்கியதும் மூடுபனி வந்தது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. வாக்கி டாக்கியில் இரைச்சல் மட்டும். ஆனாலும் ரிப்பன்கள், நிறம் தெரியாத நிழலாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தென்பட்டன. கை பழகிய வேலை. அவிழ்ப்பாள், பார்க்காமலே முதுகுப் பையில் திணிப்பாள், அடுத்ததற்குப் போவாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சரக்... சரக்...

சரளைக் கல்லில் ஓடும் கால். பின்னால்.

அவள் நின்றாள். அதுவும் நின்றது. யாரோ வழி தவறியவர் என்று நினைத்தாள். முதலில் பயம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஓர் ஆளை விட்டுவிட்டு வந்தால் அது எவ்வளவு பெரிய தப்பு!

"யாருங்க? இங்க வாங்க. நான் கடைசி ஆள்தான்."

மூச்சு மட்டும் கேட்டது. நெடுந்தூரம் ஓடி வந்தவனின் மூச்சு. உள்ளே இழுக்கும் சத்தம் மட்டும்... வெளியே விடும் சத்தமே இல்லை.

அவள் நடந்தாள். அது நடந்தது.

அவள் ஓடினாள். அது ஓடியது.

ரிப்பன்கள் இப்போது நெருங்கி நெருங்கி வந்தன. நாலு எட்டுக்கு ஒன்று. பந்தயத்தில் அப்படி யாரும் கட்டுவதில்லை. அதை யோசிக்க அவளுக்கு நேரமில்லை. முன்னால் ஒன்று காற்றில் ஆடியது. கையை நீட்டினாள். எட்டவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தாள்.

காலுக்குக் கீழே தரை இல்லை.

புதரைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். ஒரு கல் உருண்டு போனது. அது கீழே விழுந்த சத்தம் வரவேயில்லை.

காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"போ... இன்னும் கொஞ்சந்தான்."

அப்புறம் அது ஓடி வந்தது. தூரத்திலிருந்து... வேகமாக... நேராக அவள் முதுகைப் பார்த்து.

மூடுபனியில் வழி தெரியாவிட்டால் உட்கார்ந்துவிடு என்று அவள் அப்பா சொல்லிக்கொடுத்திருந்தான். உட்கார்ந்தாள்.

சில்லென்று ஏதோ தலைக்குமேல் பாய்ந்து பள்ளத்துக்குள் போனது.

விழுந்த சத்தம் இல்லை.

மறுபடி பின்னாலிருந்து...

சரக்... சரக்...

திரும்பிப் போக வழி தேடினாள். வழி இல்லை. வந்த வழிக்கு இருந்த அடையாளத்தையெல்லாம் அவளே அவிழ்த்துவிட்டிருந்தாள்.

மூடுபனி இறங்கினால், கடைசி ஆள் வரும்வரை முடிவுக் கோட்டில் மணி அடிக்க வேண்டும். அன்று அடித்துக்கொண்டிருந்தவன் நான். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, தவழ்ந்தும் சறுக்கியும் வந்து சேர்ந்தாள். முட்டியெல்லாம் ரத்தம். வழி நெடுக அது கூடவே வந்ததாம்.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் மணியை நிறுத்தினேன்.

"சொல்லும்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன் பெரியப்பா. யாரோ இருக்காங்க."

"யாரும் இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். வார்த்தையைச் சொல்லு."

"நீங்க வேணா சொல்லுங்க."

அவள் சொல்லவில்லை. விளக்குகளோடு ஆட்கள் மலையேறினார்கள். மறுநாள் மாலைவரை தேடினார்கள். ஓடியவர்கள் அத்தனை பேரும் பத்திரமாக அவரவர் வீட்டில் இருந்தார்கள். மூன்று தலைமுறைப் பேர் ஒரே நாளில் சிரிப்பாய்ச் சிரித்தது. நான் அவளோடு பேசவில்லை.

தேடி முடிந்த அன்று இரவு, ரிப்பன்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அவள் பையைக் கூடத்தில் கொட்டினாள். ஆரஞ்சு பிளாஸ்டிக் ரிப்பன்கள். பாதிக்கு மேல் வேறு ஏதோ. நீலத் துணி. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

"இது எந்த வருஷத்து ரிப்பன் பெரியப்பா?"

ஒரு துணியை எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.

நீலத் துணி என் தம்பி காலத்தில் கட்டியது. அவன் கடைசியாகப் போன வருடமும் மூடுபனிதான். அவன் வந்து வார்த்தையைச் சொன்னான், மலையை மூடினார்கள். ஓர் ஓட்டக்காரர் மட்டும் வந்து சேரவில்லை. பாதியில் விலகி எங்கோ போயிருப்பார் என்று முடிவு செய்தார்கள். அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. அடுத்த வருடம் ரிப்பன் பிளாஸ்டிக்காக மாறியது. என் தம்பி அறிந்து பொய் சொல்லியிருக்க மாட்டான். இன்றும் அதைத்தான் சொல்வேன்.

ஆனால் அந்த வருடத்து நீல ரிப்பன்களை அவன் யாரிடமும் கொடுக்கவில்லை. ஓர் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிப் பரணில் வைத்தான். அவன் போன பிறகு சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. பெட்டியை யாரும் தொட்டதில்லை.

அப்போதே பரணில் ஏறினேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. துருவேறி, சாவி திரும்பவே கஷ்டப்பட்டது.

திறந்தேன்.

நீலத் துணி ஒன்றுகூட இல்லை. பெட்டி நிறைய ஆரஞ்சு பிளாஸ்டிக் ரிப்பன்கள். அவள் போன பந்தயத்து ரிப்பன்கள். அவள் கடைசி இறக்கத்தில் எடுத்திருக்க வேண்டியவை.

அடியில் ஈர மண்.

மலையில் அவளுக்குப் பின்னால் வந்தது எங்கள் வீட்டுப் பரண்வரை வந்திருக்கிறது.

திரும்பிப் போய்விட்டதா, தெரியவில்லை... 'எனக்குப் பின்னால் யாரும் இல்லை' என்ற அந்த வார்த்தையை மட்டும் இந்த வீட்டில் இன்னும் யாரும் சொல்லவில்லை.