பெட்டிக்குள் இருந்த சூடு

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் மூன்றாவது முயற்சியில் தேர்ச்சி. 'பொண்ணுக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு' என்று முகத்தைச் சுளித்த பெரியப்பாவை மீறி ஒரு பட்டம். நூற்று நாற்பது பேர் வந்த நேர்காணலில் இருந்த ஒரே இடம். தூசி ஒத்துக்கொள்ளாத மூக்கை வைத்துக்கொண்டு, தூசியை அளக்கிற அலுவலகத்தில் எட்டு வருஷம். இத்தனையையும் வென்றவள் இப்போது என் சமையலறையில் டப்பாவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். 'உப்பு. தூள். அரைக் கிலோ. பிரித்த நாள்.' பிரித்தது யார் என்றும் எழுதுகிறாள்.

"உப்பைப் பாத்தா உப்புன்னு தெரியாதாடி?"

"பக்கத்துல சர்க்கரை இருக்கே அக்கா. ரெண்டும் வெள்ளை."

வீட்டில் அவள் சின்னவள். அலுவலகத்தில் அவளுக்கு 'லேபிள்' என்று பெயர். வைத்தவர்கள் எல்லாரும் தங்கள் பெயருக்கு முன்னால் பட்டம் போட்டுக்கொள்கிறவர்கள்.

ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் இரும்புக் கோபுரம் இருக்கிறது. அதில் மாட்டியிருக்கும் கருவிகள் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை காற்றின் வேகம், வெப்பம், ஈரம், தூசி எல்லாவற்றையும் அளந்து எண்களாக அனுப்புகின்றன. அவை கம்ப்யூட்டரில் மேலிருந்து கீழாகப் பத்தி பத்தியாக வந்து விழும். எந்தப் பத்தி எதன் அளவு, எந்தக் கருவி, தரையிலிருந்து எத்தனை மீட்டர், என்ன அலகு, எந்தக் கடிகாரம், கருவி படுத்துவிட்ட நாளில் அந்த இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்பதையெல்லாம் ஃபைலுக்குள்ளேயே எழுதிவைப்பது அவள் வேலை. நான் எட்டாம் வகுப்போடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்தவள். எனக்கே இது புரிகிறது. சீட்டில் முப்பத்தாறு என்று மட்டும் எழுதிவைத்தால் அது மார்பா, இடுப்பா, யாருடையது? துணியை வெட்டிய பிறகு கேட்டு என்ன பயன்?

அந்தப் பெரிய படிப்பாளிகளுக்குத்தான் இது புரிவதில்லை. வெப்பம் வருகிற ஒரு பத்திக்கு 'டெம்ப்' என்று பெயர் வைப்பார்கள். அடுத்தது 'டெம்ப் டூ'. பிறகு 'டெம்ப் ஃபைனல்'. அதையும் திருத்தி 'டெம்ப் ஃபைனல் நியூ'. ஒருவர் ஒரு பத்திக்குத் தன் மகளின் செல்லப்பெயரையே வைத்திருந்தாராம். இது என்ன சார் என்று கேட்டதற்கு, "அது எனக்குத் தெரியும்" என்றாராம். அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. தெரிந்ததையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவளோடு குடித்தனம் நடத்துவதும் லேசில்லை. "அப்பா, இன்னிக்கு என்ன சூடு" என்று என் வீட்டுக்காரர் விசிறிக்கொண்டால், "எத்தனை மீட்டர் உயரத்துல மாமா?" என்பாள். "என் தலை உயரத்துல தாயே" என்று அவர் கும்பிடுவார். பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட முடியாது. "எந்தப் பத்து நிமிஷம்? இப்ப ஆரம்பிக்கிறதா, இப்ப முடியறதா?"

இந்தக் குணத்தால் வந்ததுதான் இந்த மாத வினை. துறைத் தலைவர் ஒரு பெரிய கூட்டத்தில் வாசிக்கக் கட்டுரை எழுதியிருக்கிறார். அந்த மேட்டில் நாலே வருஷத்தில் இரவு வெப்பம் மூன்று டிகிரி ஏறிவிட்டது என்று அதில் ஒரு கோடு சர்ரென்று மேலே போகிறது. கட்டுரையோடு ஃபைலையும் அனுப்ப வேண்டும். சின்னவள் விளக்கம் எழுத உட்கார்ந்தாள். தலைவர் கோடு போட்டிருந்தது 'டெம்ப் டூ' பத்தியை வைத்து. அது எந்த உயரத்துக் காற்று என்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. கோபுரத்தில் ஏறுகிற மெக்கானிக்கைப் போய்ப் பிடித்தாள்.

"அது காத்தே இல்லம்மா. கருவிக்கு வயரெல்லாம் போட்டு ஒரு தகரப் பொட்டி இருக்குல்ல, அதுக்குள்ள இருக்கிற சூடு."

"நாலு வருஷமா ஏறிக்கிட்டே இருக்கே அண்ணே?"

"ஏறாம? உள்ள ஈரம் கோக்குதுன்னு நான்தான் ஒரு சின்ன ஹீட்டர் வச்சேன். வருஷா வருஷம் பொட்டியில இருந்த ஓட்டையையும் அடைச்சேன். சூடு நல்லா நிக்குது. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

ஆக, இத்தனை பட்டங்களும் சேர்ந்து ஊருக்குச் சொல்லவிருந்தது ஒரு தகரப் பெட்டியின் சுகம். உண்மையான காற்றின் பத்தியிலும் வெப்பம் ஏறித்தான் இருந்ததாம். ஆனால் அது மெல்ல ஏறுகிறது. கோடு சர்ரென்று போகாது. தலைவருக்குச் சர்ரென்று போனால்தான் பிடிக்கும்.

அவரிடம் போய்ச் சொன்னதற்கு அவர் சொன்னது: "ஃபைலை எவன் திறந்து பாக்கப் போறான்? நீ பாட்டுக்கு எதையாவது எழுதி வைக்காதே. உன் ஒப்பந்தம் மாசக் கடைசியில முடியுது, ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு சார். முப்பத்தொண்ணாம் தேதி, சாயங்காலம் அஞ்சு மணி."

எந்தக் கடிகாரத்தில் என்று கேட்காமல் விட்டாளே, அதுவே பெரிது. ஆனால் குறிப்பு எழுதாமல் ஃபைலை அனுப்ப முடியாது என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவர் மேஜையைத் தட்டினாராம். "அப்படி ஒரு குறிப்பு இருக்கும்னா, என் பேரை அதுலேர்ந்து எடுத்துடு!"

ஒவ்வொரு ஃபைலிலும் 'பொறுப்பாளர்' என்று ஓர் இடம் உண்டு. ஏதாவது சந்தேகம் வந்தால் உலகத்தில் யாரும் அந்தப் பெயரைப் பிடித்துக் கேட்கலாம். தற்காலிக ஊழியர் பெயர் அங்கே வரக் கூடாது என்பது தலைவர் வைத்த சட்டம். எட்டு வருஷத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு ஃபைல்களை இவள் ஒழுங்கு செய்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு முறையும் தன் கையாலேயே அவர் பெயரை, பட்டங்களோடு, தட்டெழுதினாள். மிரட்டினால் பயந்து குறிப்பை அழித்துவிடுவாள் என்று நினைத்துத்தான் அவர் அப்படிக் கத்தியிருக்கிறார். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறவளிடம் பேசுகிறோம் என்பது எட்டு வருஷமாகியும் அந்த மனுஷருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வெட்டு மேஜையில் துணியை ஒதுக்கிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். நான் மெஷினை நிறுத்தினேன்.

"வேலை போச்சுன்னா என்னடி பண்ணுவ?"

"உன்கிட்ட காஜா எடுக்கக் கத்துக்கறேன்."

"பஞ்சுத் தூசி உன் மூக்குக்கு ஒத்துக்காது."

"அப்ப கல்லாவுல உக்காந்து அளவுச் சீட்டு எழுதறேன். நீ எழுதறதுல தேதியே இல்ல."

குறிப்பை எழுதினாள். 'இது காற்றின் வெப்பம் அல்ல. கருவிப் பெட்டியின் உள்வெப்பம். டிகிரி செல்சியஸ்.' ஹீட்டர் வைத்த நாளையும் ஓட்டைகளை அடைத்த நாட்களையும் மெக்கானிக்கின் நோட்டிலிருந்து பார்த்துச் சேர்த்தாள். அடுத்தது பொறுப்பாளர். அந்தப் பெயரின் கடைசி எழுத்தில் போய் நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் அழித்துக்கொண்டே வந்தாள். பட்டங்களும் போயின. இடம் வெறுமையாக இருந்தது.

"காலியா விட்டுடேன்" என்றேன்.

"காலியா விட்டா யாரை அக்கா கேப்பாங்க?"

முன்னால் பட்டம் இல்லாமல், பின்னால் பதவி இல்லாமல், தன் பெயரைத் தட்டினாள். ஓர் எழுத்து விடாமல் விரல் வைத்துச் சரிபார்த்தாள். எங்கள் அம்மா வைத்த பெயர். பிறகு அதன் கீழே, அவள் வழக்கப்படி வருஷத்தை முன்னால் போட்டு, என் சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து என்றாலும், எந்தக் கடிகாரம் என்பதையும் மறக்காமல்:

2023-05-21, 09:40, உலகப் பொது நேரம்.